மறதி யாருடைய குற்றம்?

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கினால் மூன்று விதமான பேச்சு எழுவதைக் கேட்கிறோம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "எல்லாம் வேஷம், தமக்கு வேண்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதே!" என்பார் மற்றொருவர். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று மூன்றாமவர் தாயத்து வாங்க ஓடுவார். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று விரோதமான பேச்சுகள் போலத் தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தில் மூவரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். பெரியவரை ஒரு நல்ல டாக்டரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்படி மூவரில் ஒருவருமே சொல்வதில்லை.

அஸர் தொழுத கையோடு மீண்டும் எழுந்து அஸருக்கே தக்பீர் கட்டுகிறார் வாப்பா. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் சோறு தரவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார் உம்மா. நாற்பது வருடம் கடைக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் பத்து ரூபாய்ச் சில்லறைக்குத் திணறுகிறார். இவற்றைக் குணக்கேடு என்று கொள்வதா, நோய் என்று கொள்வதா? நோய் என்றால், அந்த நிலையில் அவர் பேசிய பேச்சுக்கும் போட்ட கையெழுத்துக்கும் என்ன மதிப்பு? அவரைச் சார்ந்தவர்கள் மீது விழும் கடமை என்ன? இக்கேள்விகள் புதியவை அல்ல. ஆனால் கடந்த ஒரு நூற்றாண்டில் மருத்துவம் கண்டறிந்த சில உண்மைகள் இவற்றுக்குப் புதிய கூர்மையைக் கொடுத்திருக்கின்றன. முதலில் அவற்றைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

நரம்பு ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவது மின்சாரத்தாலா, ஏதேனும் ஒரு திரவப் பொருளாலா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். 1921-ல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்ற பேராசிரியர் இதற்கு விடை கண்டார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மெதுவாயிற்று. அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தின் மீது விட்டார். நரம்பைத் தொடாமலேயே அதன் துடிப்பும் மெதுவாயிற்று! ஆக, நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது. அதுதான் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெளிவாயிற்று. இதற்காக 1936-ல் இங்கிலாந்தின் ஹென்றி டேலுடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார். இதில் ஒரு வேடிக்கை. இச்சோதனையின் யோசனை தமக்குத் தூக்கத்தில் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நடு இரவில் எழுந்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தாராம். விடிந்து பார்த்தால் எழுத்து விளங்கவில்லை, கனவும் ஞாபகத்தில் இல்லை! மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வந்தபோது படுக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். நினைவுக்கு ஆதாரமான பொருளைக் கண்டுபிடித்தவரையே நினைவு ஒரு நாள் கைவிட்டிருக்கிறது.

மூளையிலும் இந்த அசிட்டைல்கோலின் வேலை செய்கிறது. புதிதாகக் கேட்டதைப் பதிய வைப்பதற்கும் கவனத்தை ஒரு முகமாக நிறுத்துவதற்கும் அது வேண்டும். அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் இதைத் தயாரிக்கும் நொதி மிகக் குறைந்திருப்பதை 1970-களில் கண்டார்கள். இன்று அந்நோய்க்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள், இருக்கும் கொஞ்சத்தையும் சீக்கிரம் அழிந்துபோகாமல் காப்பவை. நோயை அவை வேரறுப்பதில்லை. இதற்கு நேர் எதிராக, ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சில பழைய மாத்திரைகள் இந்த அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. வாலிபனுக்கு அது வெறும் தூக்கக் கலக்கம். எழுபது வயதுக்காரருக்கோ ஊரும் பேரும் தெரியாத குழப்பமாகிவிடும். "நேற்று வரை நன்றாக இருந்தாரே" என்று சொல்லப்படும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மருந்துப் பெட்டியை.

இனி உயிர்ச்சத்துகளுக்கு வருவோம்.

மாஸ்கோ நகரில் கோர்சகோவ் என்ற டாக்டர் 1887 முதல் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதி வந்தார். நோயாளி தெளிவாகப் பேசுவார், பழைய சங்கதிகளை ஒழுங்காகச் சொல்வார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் வந்து போனவரை அறியமாட்டார். அது மட்டுமல்ல, வாரக்கணக்காகப் படுக்கையில் கிடப்பவர், "நேற்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டால், கடைத்தெருவுக்குப் போனேன், இன்னாரைக் கண்டேன், இன்ன பேச்சு நடந்தது என்று அடுக்குவார். மூளை தன்னிடம் உள்ள ஓட்டையைக் கற்பனையால் அடைத்துக்கொள்கிறது. பி1 என்னும் தயமின் சத்து அற்றுப் போவதே இதன் காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. பெரும்பாலும் குடிகாரர்களைப் பீடிக்கும் நோய்தான். ஆனால் குடியையே அறியாதவர்களுக்கும் நீண்ட நாள் வாந்தி, பட்டினி, வயிற்று அறுவை ஆகியவற்றுக்குப் பின் வருவதுண்டு. இந்த மனிதர் பொய்யரா? வாயிலிருந்து வந்தது நடக்காத ஒன்று. ஆனால் ஏமாற்றும் எண்ணம் அவரிடம் அணுவளவும் இல்லை. இக்கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

இந்தத் தயமினுக்கும் நம் தமிழ் மக்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் வீழ்ந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அதிகம் அண்டவில்லை என்பதை பிராடன் என்ற டாக்டர் கவனித்து 1907-ல் நூலாக எழுதினார். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. அந்தப் பெண்மக்கள் அண்டாவில் நெல் அவித்தபோது நரம்பைக் காக்கிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்கள். 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டும் போயினர். உண்மை விளங்கியது, ஆனால் சம்மதம் சொல்லவும் மறுக்கவும் புத்தித் தெளிவு இல்லாதவர்களைக் கொண்டல்லவா அது விளங்கியது! சித்தம் கலங்கியவருக்கு வாய் இல்லை என்பதை எடுத்துக்கொண்டு பிறர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம். நம் நாட்டில் 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுக் கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நம் வீடுகளில் இன்று முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பி12. இது இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து கிடைப்பது. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. நாளொன்றுக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். ஒரு கிராம் இருந்தால் ஒரு மனிதனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் போதும். அவ்வளவு சொற்பமான பொருள் இல்லாமல் போனால் இரத்தம் வெளுக்கிறது, நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை, மின்கம்பியின் ரப்பர் உரிவதைப் போல, சிதைகிறது. பாதம் எரியும், மரத்துப் போகும், இருட்டில் நடை தள்ளாடும், நாக்கு புண்ணாகும். கூடவே மறதி, எரிச்சல், சந்தேகம், காரணமற்ற அழுகை.

முன் காலத்தில் இந்தச் சோகை வந்தால் மரணம் நிச்சயம். 1926-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மைனாட், மர்பி என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளுக்குத் தினமும் ஏராளமாக ஈரலை உண்ணக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரலில் இருந்த அந்தச் சிவப்புப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தது 1948-ல். அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964-ல் நோபல் பரிசு பெற்றார்.

"நாங்கள் கறி மீன் உண்ணும் குடும்பம், எங்களுக்கு எப்படி இக்குறை வரும்?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பி12 விஷயத்தில் உண்பது பாதி, உடம்பு ஏற்பது மீதிப் பாதி. உணவோடு ஒட்டியிருக்கும் சத்தைப் பிரிக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பிரிந்ததைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டு சேர்க்க இரைப்பைச் சுவரில் ஊறும் ஒரு துணைப் பொருள் வேண்டும். வயதாக ஆகப் பலருக்கு இவை வற்றுகின்றன. நெஞ்செரிச்சலுக்கென்று வருடக்கணக்கில் விழுங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் இதைக் கெடுக்கும். சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின், நீண்ட காலம் உண்டால், பி12 சேர்வதைக் குறைக்கும். அதற்காக அம்மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; சோதித்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: வீட்டில் கறி ஆக்குவது உண்மை. பல் விழுந்த பெரியவரின் தட்டில் அது விழுகிறதா? அவருக்குத் தேநீரும் ரொட்டியும் ரசஞ்சோறுமே ஆகாரமாகிப் போன வீடுகள் எத்தனை! நல்ல உடம்பில் ஈரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே குறை இன்று தொடங்கினால் அடையாளம் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் வீட்டார் மறதியைப் "பழக்கம்" என்று ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

இரத்தம் வெளுத்திருந்தால்தான் இந்நோய் என்று டாக்டர்களும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1988-ல் நியூயார்க்கின் லின்டன்பாம் என்பவரும் அவருடைய குழுவினரும் பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 40 பேருக்குச் சோகையோ சிவப்பணுக்கள் பருத்திருப்பதோ இல்லை. முகம் வெளுக்கவில்லை என்பதால் குறையில்லை என்று இருந்துவிட முடியாது. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

ஊசியாலோ மாத்திரையாலோ இக்குறை தீரும். சீக்கிரம் கண்டால் சில மாதங்களில் நினைவும் நிதானமும் திரும்புவதுண்டு. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் முழுவதும் திரும்பாது. இங்கே அதிக ஆசை காட்டுவதும் தவறு. முதுமை மறதியில் பெரும் பங்கு அல்சைமரும், மூளை இரத்தக் குழாய்கள் அடைபடுவதும்தான். அவற்றை எந்த வைட்டமினும் திருப்பிவிடாது. பி12, தைராய்டு, மனச்சோர்வு, மருந்துக் கோளாறு போன்ற திருத்தக்கூடிய காரணங்கள் சிலருக்கே இருக்கும். ஆனால் நம் வாப்பா அந்தச் சிலரில் ஒருவரா, இல்லையா என்பதைச் சோதிக்காமல் எப்படி அறிவது?

இப்போது நீதிக் கேள்விக்கு வருவோம். ஒரு பொருள் குறைந்தால் மனிதன் சந்தேகப் பிராணியாகிறான், அதை ஊசியில் ஏற்றினால் பழைய அன்பான மனிதனாகிறான் என்றால், குணம் என்பதே இரசாயனம்தானா, ஆன்மா என்று ஒன்று எதற்கு என்று சில படித்த வாலிபர்கள் கேட்கிறார்கள். பேனாவில் மை வற்றிவிட்டால் எழுத்து வராது. அதனால் எழுதுபவருக்கு எழுத்தே தெரியாது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. மை ஊற்றியதும் எழுத்து பழைய கையெழுத்தாகவே வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? அவ்வாலிபர்களுக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனால் அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதைக் காட்டப் போதும்.

நம் ஃபிக்ஹு மேதைகளுக்கு இந்த இரசாயனம் எதுவும் தெரியாது. ஆயினும் கடமைகள் விதியாவதற்குப் புத்தி தெளிவாயிருப்பதை நிபந்தனையாக்கி வைத்தார்கள். உறங்குபவரையும் சிறுவரையும் சித்தம் கலங்கியவரையும் குற்றம் பிடிப்பதில்லை என்பது மத்ரஸாவின் பால பாடம். எத்தனை ரக்அத் தொழுதோம் என்ற சந்தேகத்துக்கும், உறுதியான குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு முடித்து ஸஜ்தா ஸஹ்வு செய்ய வழி வைத்தார்கள். மறதி மனிதனோடு பிறந்தது என்று ஒப்புக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. அறவே தெளிவில்லாதவர் விஷயம் எளிது. சங்கடம் நடுவில் இருப்பவரிடம்தான். காலையில் தெளிவாயிருப்பார், மாலையில் கலங்குவார். அவருக்குத் தொழுகையை எடுத்துக் கொடுக்க, பக்கத்தில் நின்று ரக்அத்தை ஞாபகப்படுத்த, வீட்டில் ஒரு பேரன் இருந்தால் போதும். "இப்போதுதானே தொழுதீர்கள்!" என்று கூச்சல் போட்டு அவரை நடுங்க வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

பொய்யர் யார் என்ற கேள்விக்கும் நவவி இமாம் அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். உள்ளதற்கு மாற்றமாகச் சொல்வதெல்லாம் பொய் என்ற பெயருக்குள் வரும். ஆனால் பாவம் என்பது தெரிந்தே சொல்பவருக்குத்தான் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். சோறு தரவில்லை என்று சொல்லும் உம்மாவின் சொல் உண்மைக்கு மாறானது, சந்தேகமில்லை. அவர் பாவி அல்லர். ஊர் முன் மானம் போனதே என்ற மருமகளின் வேதனையும் பொய் அல்ல. அவ்வேதனையைக் கேட்டு, பக்கத்து வீட்டாருக்கு விஷயத்தை விளக்க வேண்டியது மகனுடைய வேலை; பல மகன்கள் அதைத் தட்டிக் கழித்துவிட்டு இரு பெண்களையும் மோதவிடுகிறார்கள்.

இந்தச் சலுகையை அறிவு தெளிவாயிருப்பவர்கள் திருடிக்கொள்ளக் கூடாது. "இரத்தத்தில் சத்து குறைவு, அதனால் கத்தினேன்" என்று ஒரு குடும்பத் தலைவர் சொல்கிறார். குறை உண்டென்று டாக்டர் சொன்னபின் ஊசி போட்டுக்கொள்ள மறுத்து, குறையையே கேடயமாகப் பிடிப்பாரானால், கத்தியதற்குக் கணக்கு இல்லாவிட்டாலும் மறுத்ததற்குக் கணக்கு உண்டு.

எல்லாவற்றிலும் கடுமையானது கையெழுத்துச் சங்கதி. தடுமாறிய தந்தையை ஆட்டோவில் ஏற்றிப் பத்திர ஆபீஸுக்குக் கொண்டுபோய், வீட்டை ஒரு மகன் பெயருக்கு எழுதி வாங்கும் காட்சியை ஊர்தோறும் கேள்விப்படுகிறோம். மற்ற மக்கள் வழக்குக்குப் போகிறார்கள். ஹிபா கொடுப்பவருக்குப் புத்தித் தெளிவு வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் செய்பவர் தெளிவோடு இருந்தாரா என்பதையே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் பார்க்கிறது. இங்கேதான் பி12 நம்மை நிறுத்திக் கேட்கிறது. மூன்று மாத ஊசிக்குப் பின் தெளிந்து எழுந்திருக்கக்கூடிய ஒருவரிடம், தெளியும் முன்பே அவசர அவசரமாகக் கைநாட்டு வாங்கிய மகனை என்ன சொல்வது? சிகிச்சை செய்து பார்த்து, தெளிந்தபின் மீண்டும் ஒருமுறை அவரிடமே கேட்டால் என்ன நஷ்டம்? "அப்போது மறுத்துவிடுவாரே" என்ற பயம் உள்ளத்தில் இருக்கிறதென்றால், கையெழுத்து செல்லாது என்பது அவனுக்கே தெரிந்திருக்கிறது.

தெளிவு திரும்பவே திரும்பாத பெற்றோர் விஷயத்தில் என்ன செய்வது? ஹதீஸ் கலையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அறிவிப்பாளர்களை ஆராய்ந்த அறிஞர்கள், முதுமையில் நினைவு கலங்கியவர்களைத் தனியே குறித்து வைத்தார்கள். அதற்கு இஃக்திலாத் என்று பெயர். கூஃபா நகரத்து அதாஉ இப்னு ஸாயிப் அவர்கள் அப்படிப்பட்டவர். அவரை அறிஞர்கள் தள்ளிவிடவில்லை. கலங்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முந்தியதை ஏற்றார்கள். ஒரு மனிதரின் கடைசிச் சில ஆண்டுகளைக் கொண்டு அவருடைய ஆயுள் முழுவதையும் அழித்துவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

பஸராவில் ஹிஜ்ரி 170-ல் மறைந்த ஜரீர் இப்னு ஹாஸிம் அவர்களுக்கும் கடைசிக் காலத்தில் நினைவு கலங்கியது. அவருடைய மக்களும் ஹதீஸ் கற்றவர்கள். தந்தையிடம் தடுமாற்றத்தை உணர்ந்ததும், வெளியார் யாரும் அவரிடம் ஹதீஸ் கேட்க முடியாதபடி மறைத்துக் காத்தார்கள். புகழ் பெற்ற தந்தை. வாசலில் மாணவர்கள் காத்திருப்பார்கள். அவர் வாயைத் திறந்தால் வீட்டுக்குப் பெருமை. இருந்தும் கதவைச் சாத்தினார்கள். கலங்கிய நிலையில் அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை என்று பிற்கால அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். அவருடைய அறிவிப்புகள் இன்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கின்றன.